குளிர்ந்த இஞ்சினில் பார்க்க வேண்டும்

தானமாக வந்த மாட்டைத்தான்
பல் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இதற்கு ஐந்தரை லட்சம் கேட்கிறார்கள்.
காலை ஆறரைக்கே வந்து நிற்கிறேன்,
கூத்தாநல்லூரில், ஹாஜா நஜ்முதீன் வீட்டு ஷெட்டில்.

நேற்று வந்தபோது ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்.
சூடான இஞ்சின் பொய் சொல்லும் என்றார்
மன்னார்குடி மெக்கானிக் குணசீலன்.
எனக்கும் தெரியும். இரண்டு வேளை கறக்காமல் விட்டு
மடியைப் பெருக்கிக் காட்டிய பசுக்களுக்குச்
சான்றிதழ் எழுத மறுத்தவள் நான்.

ரேஞ்ச் ரோவர். கறுப்பு. பதினேழு வயது.
இரவில் படுத்துவிட்டிருக்கிறது.
காற்றுப்பையில் எங்கோ கசிவு,
வலது பின்பக்கம் நாலு விரற்கடை தாழ்ந்து,
கன்று போட்ட மறுநாள் கால்சியம் இறங்கி
எழ மாட்டாமல் கிடக்கும் பசுபோல.
சாவி திருகியதும் அடிவயிற்றில் ஒரு முனகல்.
பின்பக்கத்தை முதலில் தூக்குகிறது. பிறகு முன்பக்கம்.
மாடு எழுவது இப்படித்தான், குதிரை வேறு மாதிரி.
ஐம்பத்து மூன்று வினாடி என்று குறித்துக்கொண்டேன்.
மாடு என்பதைக் குறிக்கவில்லை.

தோல் இருக்கைகள் வெடித்திருக்கின்றன.
ஏசி வருகிறது, டிரைவருக்கு மட்டும்.
சரிவில் இறங்கத் தனியாக ஒரு பொத்தான்.
எங்கள் தாலுகாவில் சரிவு என்றால்
லெட்சுமாங்குடிப் பாலத்துக்கு இரண்டு பக்கமும்.
அங்கே அழுத்திப் பார்த்தோம். வேலை செய்கிறது.
மணலுக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று
என்று ஒரு திருகு.
சேற்றுக்கும் உண்டு, டாக்டர், சேற்றுக்கும் உண்டு
என்று அவசரமாகத் திருப்பிக் காட்டினார் நஜ்முதீன்.

சேறுதான் காரணம்.
போன கார்த்திகையில் ராத்திரி ஒரு மணிக்கு போன்.
எருமை. கன்று தலை மடங்கி நிற்கிறது.
கோரையாற்றுத் தரைப்பாலத்தில் இடுப்பளவு தண்ணீர்.
ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றேன்.
அக்கரையில் டார்ச் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.
பிறகு அடிக்கவில்லை.

வருஷத்தில் பத்து நாள் அந்தத் தண்ணீர்.
மீதி முந்நூற்று ஐம்பத்தைந்து நாளைக்குத்தான்
இன்றைக்கு இந்த ஓட்டம்.

வடபாதிமங்கலம் போகிற வழியில்
பாதி ரோட்டில் நெல் காய்கிறது.
மீதிப் பாதி ஸ்கூட்டருக்குப் போதும்.
செல்லக்கிளி பலகையால் நெல்லை ஒதுக்கிவிட்டு
ஜன்னலுக்கு எக்கிப் பார்த்தாள்.
"டாக்டரம்மா, இதுல வந்து எறங்குனா
ஊசிக்கு எவ்வளவு கேப்பீங்க?"
குணசீலன் சிரித்தார். கேள்வியைக் குறித்துக்கொண்டேன்,
பிரேக் பேடு என்று எழுதியதற்குக் கீழே.

அடுத்து வாய்க்கால் கரை. எதிரே அறுப்பு மெஷின்.
வயிறு நிறைய நெல்லோடு அது பின்னால் போகாது.
அரை கிலோமீட்டர் நான் பின்னால் வந்தேன்.
பின்கேமராவில் வெறும் நீலம்.
ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் உளுந்து,
கழுத்து வலித்தது, ஒரு சக்கரமும் நழுவவில்லை.
அதற்குள் டீசல் முள் ஒரு கோடு இறங்கியிருந்தது.
லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் என்றார் நஜ்முதீன்.
அஞ்சரை, என்றார் குணசீலன், வயலைப் பார்த்துக்கொண்டு.

ஷெட்டுக்குத் திரும்பியதும்
அட்டையை விரித்து அடியில் படுத்தார்.
டீ வந்து, ஆடை கட்டிய பிறகு வெளியே வந்தார்.
"ஓடும். ஆனா இது உங்களுக்கு வேலை செய்யுற மாதிரி
நீங்களும் இதுக்கு வேலை செய்யணும்."

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள்
விரல் பிடித்துத் தொகை சொல்வார்கள்.
நஜ்முதீனும் நானும் அப்படிச் செய்ய முடியாது.
வாய் விட்டுச் சொன்னேன்: மூன்றே கால்.

அவர் பதில் சொல்லவில்லை.
அண்ணனிடம் கேட்கணும் என்றார் கொஞ்சம் கழித்து,
கோலாலம்பூரில் இப்போது மணி எத்தனை என்று
விரலால் எண்ணினார்.
சாவி என் கையில் இருந்தது. கதவுகள் சாத்தியிருந்தன.
யாரும் தொடாத வண்டி
உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டு,
தாழ்ந்த காலின் மட்டத்துக்கு
மற்ற மூன்றையும் இறக்கிக்கொண்டது.